எர்த் குழாய்

ஏரியல் கம்பியைக் கழற்றி யன்னலுக்கு வெளியே எறிந்த பிறகும் ரேடியோ அடங்கவில்லை.

மாங்குளப் பக்கம் இடி உருளத் தொடங்கியதும் தில்லைநாதன் செய்த முதல் வேலை அது. மின்னல் இறங்கி ரேடியோ எரிந்துபோனால் ஆமிக்காரன் எந்தப் பக்கத்தால் வருகிறான் என்று அறிய வேறு வழியில்லை. ஏரியலுக்கு, எரிந்த மோட்டரில் உரித்த செப்புக் கம்பியை, குண்டு போட வரும் பொம்மரின் கண்ணில் படாமல் இரண்டு மொட்டைப் பனைகளுக்கிடையே தாழ்வாக இழுத்து, நுனிகளில் காப்புக்குப் போத்தல் கழுத்துக் கோத்துக் கட்டியிருந்தான்.

இடியை மண்ணுக்குள் இறக்க ரேடியோவிலிருந்து கம்பி இழுத்துக் கட்டும் எர்த் குழாய்தான் பெரும்பாடு படுத்தியது. வளவு முழுக்கக் குழாய் இறங்காத கிறவல் கல். ஓரிடத்தில் மட்டும் குழாய் ஆளுயரத்துக்குச் சுகமாக இறங்கியது. அது மண் மூடிய பங்கர், பழைய பதுங்குகுழி. மூன்று வருடத்துக்கு முன் ஷெல் விழுந்து கூரைப் பனங்குத்திகள் சரிந்தபோது அவன் மனைவி விமலேஸ்வரி அதற்குள் இருந்தாள்.

"அவளுக்கு மேலேயோ அடிக்கிறீர்?" என்று அவளுடைய தமக்கை ஞானேஸ்வரி குழாய் அடித்த அன்றைக்கே கேட்டாள்.

"செத்தவைக்கு நோகாது அக்கா."

இப்போது அந்த அக்கா, கவிழ்த்து வைத்த சைக்கிளின் மிதியைக் கையால் சுற்றிக்கொண்டிருந்தாள். பற்றரிக்குத் தடை, டைனமோதான் ரேடியோவுக்குச் சோறு. ஸ்பீக்கரில் எண்ணெய் பொரிவதுபோன்ற இரைச்சல், அதற்கடியில் மண் பொலபொலவென்று உதிரும் ஓசை, அதற்கும் அடியில் மரத்தில் கை முட்டுவதுபோல ஒரு மந்தமான சத்தம். அறைக்குள் புதிதாய்க் கிளறிய ஈரமண் மணத்தது.

"தம்பி, நான் மிதியை விட்டிட்டன்."

சக்கரம் நின்றிருந்தது. சத்தம் நிற்கவில்லை.

"ஷெல் விழுந்த அண்டைக்கு அவளை எத்தினை தரம் கூப்பிட்டனீர்?"

"தொண்டை கிழியக் கூப்பிட்டனான் அக்கா."

பொய். ஒரே ஒரு தரம். உள்ளேயிருந்து குத்தியில் தட்டிப் பதில் வந்தது. அடுத்த ஷெல் கூவியது, அவன் ஓடிவிட்டான். வெறும் உயிர்ப்பயம். மூன்றாம் நாள் வந்து, திறந்து பார்க்காமலே மண் தள்ளி மட்டப்படுத்தினான். 'அதிலேயே முடிஞ்சுது' என்றான். ஊரும் அவனுக்காக உச்சுக்கொட்டியது.

தட்டல் உரத்தது. ஞானேஸ்வரி எழுந்து மழைக்குள் நடந்தாள். குழாயடியில் முழந்தாளிட்டு, அதன் வாயில் காதை வைத்தாள்.

நெடுநேரம் வைத்திருந்தாள்.

பிறகு அவனைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் அவன் மூன்று வருடப் பொய் முழுதும் செத்துப்போனது.

"உம்மைத்தான் கேக்கிறாள்."

அவன் போனான். கால்கள் கூட்டிப்போயின. குழாயின் வாயால் மண் வந்துகொண்டிருந்தது. மழைக்கு எதிராக. உள்ளிருந்து யாரோ தள்ளத் தள்ள, கொஞ்சம் கொஞ்சமாக.

மண் தீர்ந்தது.

ஆளுயரக் குழாய்க்குள்ளால் ஒரு விரல் ஏறி வந்து, விளிம்பைத் தடவி, நின்று, மெல்ல அவன் பக்கம் வளைந்தது.