பால் கோடு

வாசலில் ஊற்றியிருந்த பாலை மணல் குடிக்கவில்லை.

தார் பாலைவனத்து மணல் ஒரு குடம் தண்ணீரையும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே உறிஞ்சிவிடும். இதுவோ விரல் தடிமனில் வெள்ளைக் கோடாக, ஓடிப்போய்த் திரும்பும் பாம்பைப் போல வீட்டை நோக்கி வளைந்து கிடந்தது. புளித்த வாடைக்கு அடியில் இறகு கருகும் நாற்றமும் அடித்ததால் தாபு முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டாள்.

"போராட்டக்காரம்மா, வாசலுக்கும் பாலாபிஷேகமா?" ஆடு ஓட்டிப்போன ஓரகத்தி சாயர் சிரித்தாள். "வீட்டையும் மாதாவுக்கு எழுதி வெச்சுட்டியா?"

"நான் ஊத்தலக்கா."

ஆடுகள் கோட்டைத் தாண்டவில்லை. சுற்றிக்கொண்டு போயின. சாயரும் சிரிப்பை நிறுத்திவிட்டு அவற்றின் பின்னால் வேகமாக நடந்தாள்.

தேசியப் பூங்காவுக்குள் இருக்கும் ஓரண், ஊர்த் தெய்வமான மாதாவின் கோயில் காடு. அதன் எல்லைக்குக் காகிதம் கிடையாது. ஆண்டுக்கொருமுறை ஒரு தம்பதி செம்பிலிருந்து பால் ஊற்றிக்கொண்டே சுற்றி வருவார்கள். அந்தக் கோடுதான் எல்லை. உள்ளே இருப்பதெல்லாம் அவளுடையது. உதிர்ந்த குச்சியைக்கூட வெளியே எடுக்கக் கூடாது. கடைசியாகச் சுற்றியவர்கள் தாபுவும் அவள் கணவன் தேஜ்மாலும். ஆகவே எல்லைக்கு அவர்கள் வாக்குதான் சாட்சி. மின்கோபுரம் நட வந்த இயந்திரங்களை மறித்து வெயிலில் உட்கார்ந்தபோதும் அவன் அவள் தோளோடு தோளாக இருந்தான். ஆனாலும் ஓரணின் நடுவிலேயே கோபுரங்கள் எழும்பிவிட்டன. யாரோ எல்லையைச் சுருக்கிக் காட்டியிருந்தார்கள். போன வாரம் கம்பியில் மோதிக் கழுத்து முறிந்த கானமயிலை, விழுந்த இடத்திலேயே அவள் கையால் புதைத்தாள்.

பொழுது சாய்ந்தது. காற்று நின்றுபோக, தொலைவில் கம்பிகள் முனகுவது மட்டும் கேட்டது. தட்டிலிருந்த கம்பு ரொட்டியிலும் கருகிய இறகு வாடை. விளக்கேற்றிக்கொண்டு முற்றத்துக்கு வந்தவள் நின்றாள்.

கோடு உள்ளே வந்திருந்தது.

அவள் கட்டிலை உரசாமல் ஒதுங்கிப் போய், தேஜ்மால் படுத்திருந்த கட்டிலை முழுவதுமாகச் சுற்றியிருந்தது.

"என்னங்க..." விளக்கைத் தூக்கிப் பிடித்தாள். "எல்லைய நீங்களா காட்டினீங்க?"

அவன் கண் திறந்து கோட்டைப் பார்த்தான்.

"டவர்ல காவல் வேலை தரேன்னாங்க. எப்படியும் போற நிலந்தானே, தாபு."

"என் பக்கத்துல உக்காந்திருந்தீங்களே."

"உக்கார்ற எடத்த நாந்தானே சொன்னேன். வண்டியெல்லாம் மறுபக்கமா போச்சு."

சுவருக்கு வெளியே கனமான காலடி. நின்றது. மறுபடி நடந்தது.

வாசலில் அது நின்றது. இடுப்பளவு உயரம். கழுத்து மார்பில் தொங்கியது. இறகிலிருந்து மணல் உதிர்ந்தது. அவள் அள்ளிப்போட்ட மணல். அதற்குப் பின்னால் இன்னொன்று. இன்னும்.

தேஜ்மால் காலைக் கீழே வைத்தான். கோட்டருகே கால் நின்றுவிட்டது. உந்தினான். நகரவில்லை.

"கையக் குடு, தாபு. இழு!"

அவள் கை நீண்டது. கோட்டுக்கு மேலே. நின்றது.

உதிர்ந்த குச்சியைக்கூட.

கையை மடக்கிக்கொண்டாள்.

பறவைகள் அவளைக் கடந்து போயின. விளக்கு அணைந்தது. அலறல் நெடுநேரம் இல்லை. பிறகு கட்டிலுக்கு அடியில் மணல் எதையோ மெல்ல மெல்லக் குடிக்கும் சத்தம்.

பால் கோடு மட்டும் காயாமல், வெள்ளையாக.