ஏகமனதாக

மழையிலிருந்து ஓடி வந்தவளின் குடை, லிஃப்டில் நின்றவனின் கோப்புகள் மேல் சொட்டியது. வம்பு அங்கேதான் தொடங்கியது.

“எனக்கு உதவியா நோட்ஸ் எடுக்க வந்தவங்கதானே? போர்டு ரூம்ல சுவரோரமா நாற்காலி போட்டிருக்கேன்” என்றான், கொஞ்சம் கடுப்பாக.

அவள் நிமிர்ந்தாள். மழைத்துளி தங்கிய இமைகள்... சிரிப்பை அடக்கும் கண்கள்.

“நோட்ஸ் எடுக்கிறது நீங்கன்னு சொன்னாங்களே. நான் புது டைரக்டர்.”

முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று அவனுக்குத் தெரியவில்லை. அவன் அந்தக் கம்பெனியின் செக்ரட்டரி. போர்டு கூட்டத்தில் யார் என்ன சொன்னார்கள் என்று மினிட்ஸ் எழுதுவது அவன் வேலை. ஒன்பது ஆண்கள் உட்கார்ந்திருந்த மேசைக்கு அவள்தான் முதல் பெண். ஆண்டறிக்கைப் படத்தில் அவளை நட்டநடுவில் நிற்க வைத்தார்கள். அவள் பேசும்போது மட்டும் ஆளாளுக்கு டீயைக் கலக்கினார்கள்.

அவன் ஒருவன்தான் ஒரு சொல் விடாமல் எழுதினான். தன் பேச்சைக் கேட்கிற ஒரே ஆம்பிளை என்று அவனைக் கிண்டல் செய்வாள். அவனோ அடுத்த கூட்டத்துக்கு நாள் எண்ணுவான்... லிஃப்டில் அவளோடு கீழே இறங்கும்போது மனசில் இருப்பதைச் சொல்லிவிட நினைப்பான். அதற்குள் தரைத்தளம் வந்துவிடும்.

ஒரு கூட்டத்தில் எம்.டி.யின் சம்பளத்தை இரட்டிப்பாக்கும் தீர்மானம் வந்தது. தொழிலாளர்களின் ஊதிய உயர்வை நிறுத்திய அதே வருடம். அவள் மட்டும் எதிர்த்தாள். எதிர்ப்பைப் பெயரோடு பதிவு செய்யச் சொன்னாள். அவனும் அப்படியே எழுதினான்.

எம்.டி. அவனுக்குத் தாய்மாமன். அப்பா இல்லாத பிள்ளையைப் படிக்க வைத்தவர். வரைவைப் பார்த்து அவர் கோபப்படக்கூட இல்லை.

“ஏகமனதாக நிறைவேறியதுன்னு எழுதுப்பா. எப்பவும் அப்படித்தானே எழுதுவோம்.”

அம்மாவின் முகம் கண்முன் வந்தது. மாற்றி எழுதினான்.

அடுத்த கூட்டத்தில் அவள் அந்த வரியைப் படித்தாள். அவனை ஒரே ஒரு முறை பார்த்தாள். ராஜினாமா செய்துவிட்டு எழுந்து போனாள். பாவி, பின்னாலேயே ஓடி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தலைகுனிந்து உட்கார்ந்திருந்தான்.

ஏழு வருடம் கழித்து, ஒரு வங்கி வாசலில் மழைக்கு ஒதுங்கியபோது பக்கத்தில் அவள் நின்றாள். அதே கண்கள்... சிரிப்பைத்தான் காணவில்லை.

“மாத்தி எழுதினது தப்பு” என்றான். “அந்த வேலையை அப்புறம் விட்டுட்டேன். உங்கள எனக்கு ரொம்பப் பிடிச்சிருந்துச்சு... அதையும் சொல்லாமலே விட்டுட்டேன்.”

அவள் மழையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“தெரியும். அன்னிக்குக் கூட்டம் முடிஞ்சதும் நானே சொல்லிடலாம்னுதான் வந்தேன்... மினிட்ஸைப் படிக்கிற வரைக்கும்.”

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அதற்குள் காரிலிருந்து அவள் கணவர் பெரிய குடையோடு வந்துவிட்டார். அவள் அறிமுகம் செய்து வைத்தாள்.

“பழைய கம்பெனியில மினிட்ஸ் எழுதினவர். ரொம்ப அழகா எழுதுவார்.”

அவர் மகிழ்ச்சியோடு கைகுலுக்கினார். இருவரும் ஒரே குடையில் படியிறங்கிப் போனார்கள். மழை விட்ட பிறகும் அவன் அங்கேயே நின்றிருந்தான்.