மூன்றாவது தட்டு

பேச்சிமுத்து செத்து முப்பது நாளும் பதின்மூன்று மணி நேரமும் ஆகியிருந்தபோது சுகிர்தம் கார் ஷெட்டைத் திறந்தாள். பியட்டின் இடது பின் சக்கரத்துக்குக் கீழே கட்டை செருகியிருந்தது.

ஷெட்டின் தரை மட்டம் பார்த்துப் பூசிய சிமென்ட். கோலிக்குண்டை வைத்தால்கூட உருளாது. மலையில் நிற்கும் வண்டி பின்னால் போய்விடாமல் முட்டுக் கொடுக்கிற கட்டைக்கு அங்கே வேலையே இல்லை. அதோடு, அந்தக் கட்டை இந்த உலகத்திலேயே இருக்கக் கூடாது. ஒரு மாதத்துக்கு முன்பே அப்பா ஞானசிகாமணி அதை வெந்நீர் அடுப்பில் வைத்து எரித்துவிட்டார். சாம்பலை அள்ளி முருங்கை மரத்தடியில் கொட்டியவள் சுகிர்தம்.

இது நான்காவது முறை. முதல் முறை பார்த்தபோது வேறு கட்டை என்று சொல்லிக்கொண்டு எரித்தாள். இரண்டாம் முறை கடைத் தராசில் நிறுத்துப் பார்த்தாள். ஒன்றே கால் கிலோ இருந்தது. அதையும் எரித்தாள். மூன்றாம் முறை, பௌதிகம் படித்தவள் செய்யக்கூடியதைச் செய்தாள். பேனாக்கத்தியால் ‘சு’ என்று கீறிவிட்டு, தணல் அடங்கும்வரை அடுப்பின் முன்னாலேயே உட்கார்ந்திருந்தாள்.

இன்று குனிந்து கட்டையைத் திருப்பினாள். ‘சு’ இருந்தது. கட்டை ஈரமாக இருந்தது. மலைப்பாதையின் மஞ்சள் மண் அதில் அப்பியிருந்தது.

“சரி, இன்னைக்கு எரிக்க மாட்டேன்” என்று அவள் வண்டியைப் பார்த்துச் சொன்னாள்.  

பதினெட்டு வருஷத்து வண்டி. மூணாறுப் பக்கத்து எஸ்டேட் மேனேஜர் ஒருவரிடமிருந்து அப்பா வாங்கியது. ஏலக்காய்த் தோட்டத்துக்கு மலையேறிப் போய்வர போடியில் அன்று அதைவிட்டால் வேறு நல்ல கார் இல்லை. பேச்சிமுத்து அதை இத்தாலிக்காரி என்பார். “இத்தாலிக்காரிக்குக் குளிரு ஆகாது பாப்பா, எந்திரிக்கவே அடம்பிடிப்பா” என்று சொல்லிக்கொண்டே சோக்கை இழுத்துவிடுவார். பிளக்கைக் கழற்றிக் கரி சுரண்டவும், பாயிண்டை உப்புத்தாளால் தேய்க்கவும், ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் இருக்கும் கியரை நோகாமல் போடவும் அவர்தான் அவளுக்குக் கற்றுக்கொடுத்தார். பெண் பிள்ளைக்கு எதற்கு என்று அப்பா கேட்டபோது, “கல்யாணம் கட்டுறவன் வண்டி ஓட்டத் தெரியாதவனா வந்துட்டா?” என்றார்.

வண்டிக்கு அடியில் அவர் வேலை பார்க்கும்போது ஒரு முறை உண்டு. ஸ்பேனரால் அடிச்சட்டமான சேஸிஸில் இரண்டு தட்டுத் தட்டினால் வேலை முடிந்தது என்று அர்த்தம். வெளியே வந்த பிறகு மட்கார்டில் ஒரு தட்டு. அது மூன்றாவது. அதைக் கேட்ட பிறகுதான் மேலே இருப்பவர் கட்டையை எடுக்க வேண்டும். மூன்றாவது தட்டுக்குப் பிறகு பேச்சிமுத்து ஒன்றும் பேசாமல் கையை நீட்டுவார். கிரீஸ் துடைக்க அதில் பழந்துணி வைக்க வேண்டியது சுகிர்தத்தின் வேலை.

அவள் கதவைத் திறந்து ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தாள். ரெக்சின், பெட்ரோல், ஏலக்காய்ச் சாக்கு எல்லாம் கலந்த பழைய வாசனைக்குள், மழையில் நனைந்த துளசி மாலையின் வாசனை மெல்லக் கலந்து வந்து, அவள் மூச்சை அடக்கிக்கொண்ட பிறகும் நாக்கில் கசப்பாகத் தங்கியது.

காலுக்குக் கீழே, தகரத்துக்கு அந்தப் பக்கம், இரண்டு தட்டு.

அவள் காத்திருந்தாள். வீட்டுக்குள் சுவர்க் கடிகாரம் ஏழு அடித்து ஓய்ந்தது. வேறு சத்தம் வரவில்லை.

வாசலில் பஞ்சம்மாள் நின்றுகொண்டிருந்தாள். பேச்சிமுத்துவின் மனைவி. மடியில் கற்பூரம் முடிந்திருந்தாள்.

“பாப்பா, அவுக செத்த எடத்த நான் பாக்கணும்.”

செய்தித்தாளை மடக்கிக்கொண்டு அப்பா வெளியே வந்தார். “அங்கன என்ன இருக்கு பஞ்சம்மா? எல்லாம் பேசி முடிச்சாச்சே.”

“நீங்க முடிச்சிட்டீக மொதலாளி. அவுக மாலை போட்டு இன்னைக்கு நாப்பத்தோராம் நாளு. இருந்திருந்தா இருமுடி கட்டி மலைக்குப் போயிருப்பாக. மாலை போட்ட மனுசன் குடிச்சிருந்தாக, கட்டையத் தப்பா வச்சாகன்னு ஸ்டேசன்ல எழுதி வாங்கிட்டாக. ஐயப்பனே அடிச்சுப்போட்டாருன்னு எங் கொழுந்தன் எம் மூஞ்சிக்கு நேரா சொல்றான்.” அவள் அழவில்லை. “ஆயிரம் வாட்டி கட்டை வச்ச கையி, அன்னைக்கு மட்டும் எப்படித் தப்பா வைக்கும்? அத மட்டும் நான் தெரிஞ்சுக்கணும்.”

“வண்டிய வித்தாச்சு. திங்கக்கெழம கம்பத்துக்காரங்க வந்து எடுத்துட்டுப் போயிருவாக.”

“வண்டியத்தான வித்தீக? மலைய விக்கலயே. நான் நடந்து போய்க்கிறேன்.”

“நான் கூட்டிட்டுப் போறேன்” என்றாள் சுகிர்தம். “சாயங்காலம் வாங்கக்கா. அந்த நேரத்துக்கே போவோம்.”

அப்பா அவளைப் பார்த்தார்.  பஞ்சம்மாள் போன பிறகு கையை நீட்டினார். “சாவியக் குடு.”

“குடுக்க மாட்டேன்ப்பா.”

இருபத்து மூன்று வருஷத்தில் அவரிடம் அவள் அப்படிச் சொன்னதில்லை. அவர் குரலைத் தாழ்த்தினார். “அங்கன போய் நீ வாயத் தொறந்தேன்னா நான் ஒனக்காகச் செஞ்சதெல்லாம் வீணாப் போயிரும்.”

“ஒரு மாசமா அது ஷெட்டுக்குள்ள தட்டிக்கிட்டிருக்கு. நீங்க ஒரு தடவ வந்து உக்காந்து பாருங்க.”

அவர் ஷெட்டுப் பக்கம் திரும்பவே இல்லை.

நான்கரை மணிக்கு வண்டி போடியைத் தாண்டியது. பஞ்சம்மாள் முன்னிருக்கையில் முடிச்சை இறுகப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். கட்டை டிக்கியில் இருந்தது. மார்கழிப் பனி மேட்டிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது; ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் எஞ்சினின் முனகல் பாறையில் மோதித் திரும்பி வந்தபோது, வேறொரு பழைய வண்டி கொஞ்ச தூரம் விட்டுத் தங்களைத் தொடர்ந்து ஏறிவருவதுபோல் கேட்டது. சுகிர்தம் கண்ணாடியைப் பார்க்கவில்லை. பார்த்தால் நிறுத்திவிடுவாள். நிறுத்த அவள் விரும்பவில்லை.

“பயமா இருக்கா பாப்பா?”

“இருக்கட்டும்க்கா. ஸ்டியரிங் நிக்குதுல்ல.”

ஒன்பதாவது வளைவில் கியர் சிக்கியது. பேச்சிமுத்து செத்த அன்றும் அப்படித்தான், கியர் ராடு கீழே மாட்டிக்கொண்டு, எந்தக் கியரிலும் விழாமல் வண்டி ஏற்றத்தில் நின்றது. அன்று அப்பா மழைக்குப் பாறைக்கு அடியில் ஒதுங்கினார். பேச்சிமுத்து கட்டையை வைத்துவிட்டு அடியில் புகுந்தார். சுகிர்தம் சக்கரத்துக்குப் பக்கத்தில், நனைந்தபடி நின்றாள்.

இன்று ஹேண்ட் பிரேக்கை முழுதும் இழுத்தாள். வயதான பிரேக். அதை நம்ப முடியாது. இறங்கி ஓடி, டிக்கியைத் திறந்து, கட்டையை எடுத்துப் பின் சக்கரத்துக்குச் செருகினாள். காலால் உதைத்து இறுக்கினாள். வண்டி நின்றது.

“இதுதான் எடம்க்கா.”

பஞ்சம்மாள் இறங்கிச் சாலையைக் கடந்தாள். தடுப்புச் சுவரின் மேல் கற்பூரத்தை வைத்துக் கொளுத்தினாள். பனிக்குள் அந்தச் சின்ன வெளிச்சம் மட்டும் தெரிந்தது. மணி ஐந்தே முக்கால்.

எஞ்சின் ஆறும் சத்தம். ஈரக் கட்டை கிடந்த டிக்கியிலிருந்து சொட்டும் நீர். பிறகு அதுவும் இல்லை.

துளசி வாசனை.

டொக். டொக்.

பஞ்சம்மாள் திரும்பினாள். “யாரு பாப்பா அடியில?”

கியர் ராடை எடுத்துவிட சுகிர்தம் எப்படியும் குனிந்தாக வேண்டும். ஓடிவிடலாம். போடிவரை இறக்கம்தான். அவள் ஓடவில்லை. மண்ணில் முழங்காலை ஊன்றிக் குனிந்தாள்.

வண்டிக்கு அடியிலிருந்து இரண்டு பாதங்கள் நீட்டிக்கொண்டிருந்தன. செருப்பில்லாதவை. மாலை போட்டவர் செருப்புப் போடுவதில்லை. உள்ளங்காலில் மஞ்சள் மண். பெருவிரல் மெல்ல அசைந்தது.

காத்திருக்கும் பாதங்கள்.

“பாப்பா, அது அவுக தட்டுற மாதிரி இருக்கு.” பஞ்சம்மாளின் குரல் உடைந்தது. “யாரு அடியில? சொல்லு.”

சுகிர்தம் எழுந்து நின்றாள். பின் சக்கரத்துக்குப் பக்கத்தில், அன்று நின்ற அதே இடத்தில். அப்பாவின் முகம் நினைவுக்கு வந்தது. அந்த முகத்திடம் போ என்றாள் மனதுக்குள்.

“அக்கா, அவுக குடிக்கல. கட்டைய நல்லாத்தான் வச்சிருந்தாக. இன்னும் அடியிலதான் இருந்தாக. ரெண்டு தட்டு கேட்டுச்சு. மழையில நின்னு நனையிறேன்னு எனக்கு அவசரம். மூணாவதுக்கு நிக்காம கட்டைய உருவினது நாந்தான்.”

கற்பூரம் அணைந்தது.

டொக்.

மட்கார்டில். வெகு அருகில்.

அவள் கீழே பார்த்தாள். வண்டிக்கு அடியில் பாதங்கள் இல்லை. கட்டையிலிருந்து புறப்பட்ட ஈரமான காலடிகள் அவளைச் சுற்றிக்கொண்டு முதுகுக்குப் பின்னால் போயிருந்தன.

பஞ்சம்மாள் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளை அல்ல. அவள் தோளுக்கு மேலே.

சுகிர்தம் ஓடவில்லை. திரும்பவும் இல்லை. அவள் தோளை ஒட்டி ஒரு கை மெல்ல முன்னால் நீண்டது. முழங்கைவரை கிரீஸ். விரல்கள் மடங்கிய திசை சரியில்லை. உள்ளங்கை மேலே பார்த்தபடி, பழந்துணிக்காக நின்றது.