வேறு சிம்மை ஏற்காத போன்

“ஐயோ... மொதலாளி!”

அலறல் கேட்டுப் பட்டறையே ஓடி வந்தது.

சூளை வாசலில் சுப்புராயன் குப்புறக் கிடந்தார். பின்மண்டையில் ரத்தம்! சுற்றிலும் உடைந்த ஃப்யூஸ் கேரியர்கள், கரன்ட் பெட்டியில் செருகும் பீங்கான் கட்டைகள்.

“அடுக்கு சரிஞ்சு மாமா மேல வுழுந்துடுச்சுங்க,” என்று விசும்பினான் மச்சினன் கௌரிசங்கர். அமெரிக்காவிலிருந்து லீவில் வந்தவன். “விபத்துன்னு எழுதி வுட்டுடுங்க மேடம். காரியம் முடிச்சுட்டு நான் கெளம்பணும்.”

இன்ஸ்பெக்டர் பானுமதியால் எழுத முடியவில்லை.

காரணம், பிணத்தின் சட்டைப்பையில் இருந்த போன். பாஸ்வேர்டு யாருக்கும் தெரியாது. திரையில் ஒரே வரி...

‘இந்த சிம் செல்லாது.’

ஆனால் இதே சிம்மிலிருந்துதான் காலையில் மனைவியோடு பேசியிருக்கிறார்!

அந்த சிம்மைத் தன் போனில் போட்டாள். ஓடியது. தன் சிம்மை அந்தப் போனில் போட்டாள்.

செல்லாது!

“சே! சிம்மும் நல்லாருக்குது, போனும் நல்லாருக்குது... அப்புறம் என்ன கேடு இதுக்கு?”

எஸ்.ஐ. பாரதி எட்டிப் பார்த்தாள். “இது கம்பெனி போட்ட பூட்டு மேடம். வெளிநாட்டுல சிம்மு விக்கிறவனே தவணைக்குப் போனும் குடுப்பான்.”

“குடுத்தா?”

“பாதியில வேற கம்பெனிக்கு ஓடிட்டா அவனுக்கு நஷ்டமாச்சே! அதான், அவன் சிம்மு மட்டும் ஓடுற மாதிரி பூட்டிடுவான். தவணை முடிஞ்சாத்தான் தொறப்பான்.”

“காசு நம்மளது, சாவி அவன்கிட்டயா? நல்லாருக்குது நியாயம்!”

“அதை வுடுங்க மேடம். பூட்டுன போனுல இவரு எப்படிப் பேசியிருப்பாரு?”

பானுமதி சட்டென்று நிமிர்ந்தாள்.

பேசியிருக்கவே முடியாது! அப்படியென்றால், இது சுப்புராயனின் போனே இல்லை. கொன்றவன் அதே மாடல் போனை மாற்றி வைத்து, அவர் சிம்மை அதில் செருகியிருக்கிறான்!

“கௌரிசங்கர்... நீங்க போட்டிருக்குறது எந்த ஊரு சிம்மு?”

“அமெரிக்கா சிம்முதான். ரோமிங்ல ஓடுது... ஏன் மேடம்?”

“கழட்டிக் குடுங்க.”

அவன் தயங்கித் தயங்கிக் கழற்றிக் கொடுத்தான். பானுமதி அந்த சிம்மைப் பிணத்தின் போனில் செருகினாள்.

ஒரு நொடி...

சிக்னல் கோடுகள் வரிசையாக எழுந்தன!

“இதுல பூட்டு இருக்குன்னு எனக்கே தெரியாதுங்க!” கௌரிசங்கர் கத்திவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டான்.

சொந்த சிம்மே இங்கேயும் ஓடியதால், பூட்டு அவன் கண்ணில் படவே இல்லை!

“இது உங்க போனு. இப்ப உங்க கையில இருக்குறது மாமா போனு. பட்டறையை உங்க பேருக்கு எழுதிக் கேக்குறீங்கன்னு மாமா காலையில உங்க அக்காகிட்ட சொல்லியிருக்காரு. நீங்க மெரட்டுனதை அதுல பதிவும் பண்ணிட்டாரு, அதான் போனை மாத்திட்டீங்க... அதானே?”

அவன் தலை தொங்கியது.

பானுமதி விலங்கை எடுத்தாள்.

“தவணை முடிஞ்சா கம்பெனி உங்க போனைத் தொறந்துடும். உங்களை எப்பத் தொறக்குறதுன்னு... ஜட்ஜு சொல்லுவாரு!”