பொங்கல் விடுமுறையில் அளந்த கட்டடம்

காலையில் ஆய்வகத்துக்குள் போக வேண்டுமானால் தமயந்தி முதலில் வாசலிலுள்ள மூச்சுமானியில் ஊத வேண்டும். உள்ளே இன்னொரு மூச்சுக்கு இடமிருந்தால் பச்சை எரிந்து கதவு திறக்கும். சிவப்பு எரிந்தால், துறைத் தலைவரான அவளே ஆனாலும் வேப்பமரத்தடியில் தேவுடு காக்க வேண்டியதுதான்.

சிமெண்டைத் தடை செய்த பிறகு புதுக் கட்டடம் என்ற பேச்சே கிடையாது. தத்துவத் துறையைக் காலி செய்து, ஒரு செங்கல்லையும் உடைக்காமல், அந்தப் பழைய கட்டடத்தைத் தடுப்பூசி ஆய்வகமாக்கியிருந்தார்கள். வகுப்பறைக் கதவுகளே மேசைகளாயின. இப்படி மறுபிறவி எடுத்த கட்டடம் எவ்வளவு கார்பன் டை ஆக்சைடு, அதாவது கரிவளி, விடலாம் என்பதற்குக் 'கரிமப்படி' என்று ஒரு வரம்பு உண்டு. இயந்திரம் இழுக்கும் மின்சாரமும் மனிதர் விடும் மூச்சும் அதில் ஒன்றாகவே சேரும். மீறினால் கட்டடத்துக்கே மின்சாரம் நின்றுவிடும்.

குறைவாகக் கரிவளி விடும் கட்டடத்துக்குத்தான் ஆய்வகம் என்று தொடக்கத்தில் ஒரு போட்டி வைத்திருந்தார்கள். தமயந்தி பொங்கல் விடுமுறையில், ஈ காக்கை இல்லாத நேரத்தில் அளந்து கொடுத்து வென்றாள். அந்த அளவையே பின்னால் வரம்பாக வைப்பார்கள் என்று அவளுடைய புத்திசாலித்தனத்துக்கு எட்டவில்லை. அதன்பின் ஒவ்வோர் இயந்திரம் வந்தபோதும் வரம்பு மீறாதிருக்க ஒருவர் வெளியேறினார். மிஞ்சியது அவளும், கல்லூரிக் காலத்துத் தோழி ஸ்டெல்லாவும்தான்.

இன்று, தடுப்பூசிக்கான செல்களை வளர்க்கும் தானியங்கி வளர்ப்புப்பெட்டி வந்து இறங்கியது. அது இல்லாமல் தடுப்பூசி இல்லை. ஊரில் காய்ச்சலோ பிள்ளைகளை வாரிக்கொண்டு போகிறது.

"ஒரு ஆளைக் குறைச்சாதான் இதுக்கு இடம், மேடம்" என்றார் கரிம ஆய்வாளர் பொன்னுரங்கம். "தலைவர் பேரை எடுக்க முடியாது."

ஸ்டெல்லா தமயந்தியைத் தனியே இழுத்தாள். "உண்மையைச் சொல்லிடுடீ. ஆள் இல்லாதப்ப அளந்தோம்னு சொல்லு. திரும்ப அளக்கட்டும்."

"போட்டியில வாங்கின சான்றிதழே போயிடும். கட்டடத்துக்குச் சீல் வெச்சிடுவாங்க."

"அப்போ நான்?"

தமயந்தி ஆய்வாளர் நின்ற பக்கம் திரும்பி நடந்தாள். தடுப்பூசிக்காகத்தான் இதைச் செய்கிறோம் என்று சொல்லிக்கொண்டாள். தன் பெயரும் தப்பிக்கிறது என்பது அவளுக்கே கசந்தது.

"பழைய அளவு சரிதானே, மேடம்?" என்று பொன்னுரங்கம் கேட்டார்.

"சரிதான்."

ஸ்டெல்லா அழவில்லை, சண்டை போடவில்லை. வெள்ளை அங்கியைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். வாசல் வரை போனவள், பழக்க தோஷத்தில் திரும்பினாள்.

"ஜன்னலோரத் தட்டுல இருக்கிற செல்லுக்குச் சாயந்திரம் சத்துநீர் மாத்தணும். மறந்துடாதே."

"அதெல்லாம் இனிமே மிஷினே பார்த்துக்கும்" என்று தமயந்தி வாய்தவறிச் சொன்னாள்.

ஸ்டெல்லா தலையாட்டிவிட்டு வெளியே போனாள்.