மூன்றாவது தேதி

கல்லில் மூன்று தேதிகள் இருந்தன.

பிறந்த தேதி ஒன்று, இறந்த தேதி ஒன்று. அதற்கு மேல் ஒரு மனிதனின் கல்லறையில் செதுக்க என்ன இருக்கிறது? தாரிணி கல்லைத் துணியால் ஒற்றி ஈரம் போக்கினாள். மெல்லிய தாளை அதன்மேல் விரித்து, கரித்துண்டைப் படுக்கவைத்து மெதுவாகத் தேய்த்தாள். செதுக்கிய பள்ளத்தில் கரி படாது. அதனால் எழுத்து மட்டும் வெள்ளையாக எழுந்து வரும். நூறு வருட மழை தின்ற எழுத்தைக்கூட இப்படிப் படித்துவிடலாம். தாளில் எழுத்து வரும் அந்தக் கணம் அவளுக்கு ஒவ்வொரு முறையும் பிடிக்கும்.

காப்டன் எட்மண்ட் ஹாரோவெல். பிறப்பு 1801. இறப்பு 1843. கீழே சற்றுத் தள்ளி: 1869 நவம்பர் 9.

கல் நட்ட தேதியாக இருக்கும் என்று நோட்டில் பென்சிலால் குறித்தாள்.

பென்சில்தான் இந்த வேலையின் முதல் விதி. இங்கிலாந்தில் இருக்கும் பழைய குடும்பங்களுக்கு இந்த மலையில் புதைந்த முன்னோர்களைத் தேடித் தருவதுதான் குன்னூரில் மனோகரனின் அலுவலகம் செய்யும் வேலை. ஒருவர் பெயர் வம்சமரத்தில் ஏற வேண்டுமென்றால் ஒன்றையொன்று சாராத இரண்டு ஆதாரங்கள் வேண்டும். தேவாலயப் பதிவேடும் கல்லறையும், அல்லது படைப்பட்டியலும் உயிலும். ஒன்றுதான் கிடைத்தது என்றால் பென்சில். இரண்டும் ஒத்துப்போனால் மை. மையில் ஏறியவர் அந்தக் குடும்பத்தின் ஆள். பிறகு யாரும் அழிக்க முடியாது.

ஹாரோவெல் குடும்பத்தில் மூத்த மகனுக்கு நிலமும் மாளிகையும். இரண்டாவது மகனுக்குப் படை. அப்படி வந்த ஐந்து இரண்டாவது மகன்கள், தேயிலைச் சரிவுக்கு மேலே, பூட்டிக்கிடந்த பங்களாவின் பின்னால், சைப்ரஸ் மரங்களின் அடியில் வரிசையாகக் கிடந்தார்கள். கற்களை ஒட்டி ஒரு சரளைப் பாதை, அதன் முடிவில் ஒரு இரும்புக் கேட். இவர்கள் வம்சத்தில் இன்று உயிரோடு இருப்பவர் ஒரே ஒருவர்தான். எண்பத்து நான்கு வயது ரூபர்ட். கல்யாணம் ஆகாதவர். அவரும் இரண்டாவது மகன். இந்த மரத்தை வரையச் சொன்னவர் அவர்தான்.

மணி மூன்றுதான் ஆகியிருந்தது. பள்ளத்தாக்கிலிருந்து மூடுபனி ஏறிவந்து தேயிலை வரிசைகளை ஒவ்வொன்றாக விழுங்கியது. மரத்திலிருந்து நீர் சொட்டும் சத்தம், தூரத்தில் பாக்டரியின் முனகல், வறுபட்ட இலையின் வாசம், இவற்றுக்கு நடுவே மூன்று நாளாகக் கேட்கும் அந்த இன்னொரு சத்தம். சரளையில் யாரோ நடப்பது. பதினாறு அடி. நிற்கும். குதிகால் திரும்பும் கிறீச். மறுபடி பதினாறு.

கேட்டுக்கு வெளியிலிருந்து மருதாம்பாள் கூப்பிட்டாள். பங்களாவுக்குக் காவலிருப்பவள்.

“ஏனுங்க அம்முணி, டீ ஆறுதுங்க. இக்கட்ட வந்து குடிச்சுட்டுப் போங்க.”

“உள்ள கொண்டாங்கக்கா.”

“அட போங்க. பதினெட்டு வருசமா இந்தக் கேட்டைத் தாண்டுனதில்ல. இன்னிக்கு டீக்காகத் தாண்டறதா?”

தாரிணி சிரித்துக்கொண்டே போய் டம்ளரை வாங்கினாள். “அந்த நடக்கற சத்தம் யாருதுங்க?”

“அவரு பாட்டுக்கு நடப்பாருங்க. நமக்கென்ன, சம்பளமா கேக்கறாரு?” மருதாம்பாள் சிரித்தாள். பிறகு அவள் கண் தாரிணியின் தோளைத் தாண்டி எங்கோ போனது. “வெரசா முடிச்சுட்டு வந்துருங்க. நீங்க அந்தக் குடும்பத்து ஆளில்லையே, பயமில்லீங்க.”

திரும்பி வந்து மற்ற நான்கு கற்களையும் தேய்த்தாள். தாள்களைப் பக்கம் பக்கமாக வைத்தாள்.

எட்மண்டின் மூன்றாவது தேதி, சார்லஸ் இறந்த நாள். சார்லஸின் மூன்றாவது தேதி, வில்லியம் இறந்த நாள், 1902. வில்லியமுடையது ஆர்தர் இறந்த நாள், 1938. ஆர்தருடையது ஹ்யூ இறந்த நாள், 1969.

ஹ்யூவின் கல்லில் மூன்றாவது தேதி இல்லை. அந்த இடம் வழவழவென்று காலியாக இருந்தது.

கோப்பில் எட்மண்டின் கடைசிக் கடிதத்தின் நகல் இருந்தது. கிறுக்கல் கையெழுத்து, அதனால் கடைசிக்குத் தள்ளி வைத்திருந்தாள். இப்போது ஒவ்வொரு சொல்லாகக் கூட்டிப் படித்தாள். எட்மண்ட் ஒருநாள் காவல் நேரத்தில் தன் இடத்தை விட்டுப் போய்விட்டான். பதினொரு வீரர்கள் தூக்கத்திலேயே வெட்டப்பட்டார்கள். *இனி நான் இடத்தை விட்டு நகர மாட்டேன். என்னை மாற்ற என் குடும்பத்தான் வரும்வரை நிற்பேன். அவனும் அப்படியே.*

காவலுக்கு நிற்பவன் தானாகப் போகக் கூடாது. அடுத்தவன் வந்து பொறுப்பேற்க வேண்டும். படையில் எங்கும் உள்ள முறைதான் அது. மூன்றாவது தேதி, காவல் மாறிய தேதி. ஹ்யூ ஐம்பது வருடத்துக்கு மேலாக நிற்கிறார். அடுத்த முறை ரூபர்ட்டுடையது.

போன் அதிர்ந்தது. ‘ஹாரோவெல் மரம்’ வாட்ஸாப் குழுவில் மனோகரன் கோப்பு ஒன்றை அனுப்பியிருந்தார். *முடிந்தது.* அவள் திறந்தாள். ரூபர்ட்டின் பெயரிலிருந்து ஒரு கோடு கீழே இறங்கியது. புதிய கோடு. அதன் முனையில்: தாரிணி. வளர்ப்பு மகள். மையில்.

ஆதாரம் ஒன்று, ரூபர்ட்டின் உயில். ஆதாரம் இரண்டு, இந்தக் குடும்பத்தில் சேரச் சம்மதம் என்று ஒரு கடிதம். அடியில் அவளுடைய கையெழுத்து.

அவளுடையதேதான். போன மாதம் மனோகரன் வெற்றுத் தாள்களை நீட்டியிருந்தார். “நீ எஸ்டேட் எஸ்டேட்டா சுத்துவ, பர்மிசன் லெட்டருக்கு உன்னை எங்க போய்த் தேடறது? ஒரு ஆறு சைன் போட்டுட்டுப் போ அம்முணி.” அவள் படிக்காமல் போட்டாள். தாளில் படிக்க ஒன்றுமில்லை. பெற்றவர்கள் போன பிறகு நான்கு வருடம் அவர் வீட்டில் சாப்பிட்டவள். தீபாவளிக்கு அவர் மனைவிக்கு எடுத்த அதே புடவை அவளுக்கும். வருகிறவர்களிடமெல்லாம் அவர் சொல்வார்: நம்ம ஊட்டுப் பொண்ணு.

மனோகரனை அழைத்தாள்.

“அண்ணா, மரத்துல என் பேரு இருக்குது.”

மறுமுனையில் பஸ் ஸ்டாண்டின் இரைச்சல்.

“கேட்ல இருந்து வெளிய வந்துட்டியா நீ?” என்றார். பிறகு, அவள் பதில் சொல்லுமுன், “வர முடியாது. தெரியும்.”

“எத்தனை நாளா தெரியும்ணா?”

“ரூபர்ட் துரை தனக்குப் பதிலா என்னையத்தான் சேரச் சொன்னாரு. எனக்குப் பையன் இருக்கறான் தாரிணி. எனக்கு அப்புறம் அவன் பேரும் அதுல வரும்.” அவர் குரல் உடைந்தது. “உனக்கு யாரு இருக்கா, சொல்லு?”

“நீங்க இருக்கீங்கன்னு நெனச்சேன்ணா.”

இணைப்பு அறுந்தது.

நடை சத்தம் பக்கத்தில் கேட்டது. இப்போது தூரத்தில் இல்லை. இந்தப் பாதையில். ஈரக் கம்பளியின் நாற்றம், அதன் அடியில் பூட்ஸ் பாலிஷ். பன்னிரண்டு. பதின்மூன்று. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. குனிந்தாள். ஹ்யூவின் கல்லில் அந்த வழவழப்பான இடத்தில் தாளை வைத்தாள். ஒன்றுமில்லை என்று தெரிந்தால் போதும். ஒன்றுமில்லை என்று கண்ணால் பார்த்தால் போதும். கரியைத் தேய்த்தாள்.

கறுப்பு. கறுப்பு. பிறகு வெள்ளையாக ஒரு எண். அதன் பக்கத்தில் இன்னொன்று.

இன்றைய தேதி.

பதினாறு. நின்றது.

முதுகுக்குப் பின்னால் ஒரு பெருமூச்சு. களைத்துப்போன, நன்றியுள்ள பெருமூச்சு. தோளில் ஏதோ கனமாக விழுந்தது. ஈரமான கோட்டு.

எழுந்தாள். கேட்டைப் பார்த்து நடந்தாள். மருதாம்பாள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். “அக்கா, கதவைத் தொறங்க.” மருதாம்பாளின் பார்வை அவளை ஊடுருவி அப்பால் போனது. “அம்முணி! அம்முணி, எந்திரிங்க!”

பதினைந்து. பதினாறு. கேட்டுக்கு ஒரு கை தூரம்.

கால் நின்றது. குதிகால் தானாகத் திரும்பியது.

ஹ்யூவின் கல்லின் மேல் ஒரு பெண் குப்புறக் கிடந்தாள். கன்னத்தில் கரி. விரலில் கரித்துண்டு. பக்கத்தில் போன் ஒளிர்ந்து ஒளிர்ந்து அடித்தது. மனோகரன் அண்ணா.

அவள் அதைக் கடந்து நடந்தாள். பதினாறு அடி. திரும்பினாள். இன்னும் அடித்துக்கொண்டிருந்தது.