டிக்கி மூடியின் உள்பக்கம்

மெட்டில்டா டீச்சர் அந்த வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தியது 1992 அக்டோபரில், மழை விட்டிருந்த ஒரு பகலில். அறுபத்தெட்டாம் வருட ஸ்டாண்டர்டு ஹெரால்ட். முழுக்கக் கறுப்பு. குரோம்பேட்டையில் ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டி என் பெயிண்ட் ஷெட். எத்தனையோ வண்டி பார்த்தவன் நான். இதை மட்டும் ஏனோ பிடிக்கவில்லை.

"குப்புராஜ், கம்பெனியிலேருந்து வந்தப்ப இது வெளிர்பச்சை. அதே பச்சை வேணும். கொஞ்சம்கூட மாறக் கூடாது."

"அத்தெல்லாம் இப்ப எவன் அடிக்கிறான் டீச்சரம்மா. மெட்டாலிக் அடிச்சா சோக்கா இருக்கும்."

அவர் கைப்பை வாரைத் திருகிக்கொண்டே நின்றார்.

"என் பொண்ணு சாராள் காணாமப் போய் இருபது வருஷம் ஆச்சு. அப்ப ஆறு வயசு. கிழக்குத் தாம்பரத்துல இருந்த வீட்டை இடிச்சுக் கட்டியாச்சு, தெருவே மாறிப் போச்சு. அவளுக்கு அடையாளம் தெரிய இந்த வண்டி ஒண்ணுதான் மிச்சம். வாசல்ல நிறுத்தி வைப்பேன். கறுப்பா இருந்தா நம்ம வீடு இல்லன்னு போயிடுவா."

சரி என்றேன்.

"கறுப்பு யாரு அடிச்சது?"

"எங்க வீட்டுக்காரர் லாசரஸ். அவ காணாமப் போன அதே மாசம். பச்சையைப் பாத்தா அவ ஞாபகம் வருதுன்னார். போன வருஷம் தவறிட்டார்."

பழைய கலரை அசலாகப் பிடிக்க, வெயில் படாத இடத்தில் தேட வேண்டும். கார்ப்பெட்டுக்கு அடியில் பார்த்தேன், கதவு அட்டைக்குப் பின்னால் பார்த்தேன். எங்கும் கறுப்பை இழுத்துவிட்டிருந்தார்கள். கடைசியாக டிக்கி. மூடியின் உள்பக்கம் ரெக்ஸின் ஒட்டிய பலகை, சுற்றிலும் நெருக்க நெருக்கமாக ஸ்குரூ. கம்பெனியில் அப்படிப் பலகை வராது. கழற்றினேன்.

பச்சை. நேற்று அடித்தது போலிருந்தது.

அதில் கோடு கோடாகக் கீறல். எதையோ திணித்து மூடியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். ஓரத்தில் சாம்பிளுக்குச் சுரண்டிக்கொண்டு, கீறல்களை நிரப்பப் பட்டி வைத்துத் தேய்த்தேன். பள்ளத்தைக் கண்டால் பட்டி வைப்பான் பெயிண்டர், யோசிக்க மாட்டான். முப்பது வருடக் கைப்பழக்கம்.

மறுநாள் கீறல் திரும்ப இருந்தது.

பட்டி காயும்போது சில சமயம் உள்ளே இறங்கும். திட்டிக்கொண்டே மறுபடி வைத்தேன். அதற்கும் மறுநாள், பட்டித் தூள் டிக்கிக்குள் உதிர்ந்து கிடந்தது.

மத்தியானம் நல்ல மழை. கரண்டு இல்லை. மூன்றாவது தடவை பட்டி வைத்து, மூடியைச் சாத்திவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தேன். தின்னர் வாடையை மீறி ஒரு வாசனை வந்தது. குழந்தைப் பவுடர். அதில் வியர்வை.

டொக்.

கூரை ஒழுகுகிறது என்று அண்ணாந்தேன். ஒழுகவில்லை.

டொக். டொக்.

அப்புறம் நகம். தகரத்தில், மெதுவாக, ஓய்ந்துபோன கை சுரண்டுகிற சத்தம்.

திறந்தேன். உள்ளே யாரும் இல்லை. ஈரப் பட்டியில் நாலு கோடு. பக்கத்தில் என் கையை வைத்துப் பார்த்தேன். நாலு கோடும் என் மூன்று விரல் அகலத்துக்குள் அடங்கிவிட்டன.

அப்போதுதான் புரிந்தது. குழந்தை விளையாட்டாக உள்ளே ஒளிந்திருக்கிறாள், மூடி பூட்டிக்கொண்டிருக்கிறது. கண்டெடுத்தது அப்பன். பெண்டாட்டியிடம் சொல்ல வாய் வராமல் எங்கேயோ புதைத்துவிட்டு, பலகை போட்டு மறைத்து, கறுப்பு அடித்திருக்கிறார். பாவி மனுஷன். அந்த அம்மா வாசலைப் பார்த்துக்கொண்டிருக்க, சாகிற வரைக்கும் பக்கத்திலேயே உட்கார்ந்து பேப்பர் படித்திருக்கிறார்.

நான் மட்டும் என்ன யோக்கியம்?

அழுதுகொண்டே நாலாவது தடவை பட்டி வைத்தேன். "உட்டுடு கண்ணு. உங்கம்மா தாங்காது" என்று தகரத்திடம் கெஞ்சினேன். சத்தம் நின்றது. அந்தப் பட்டி நின்றது. அதன்மேல் பச்சை அடித்தேன்.

வண்டி எடுக்க வந்த டீச்சர் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். டிக்கியைத் திறந்து உள்பக்கத்தை உள்ளங்கையால் தடவினார்.

"உள்ள ஏதாவது இருந்துச்சா? எங்க பாத்தாலும் கிறுக்கி வைப்பா."

"ஒண்ணியும் இல்ல டீச்சரம்மா."

"நல்லா வழவழன்னு பண்ணியிருக்கீங்க" என்றார்.

மறுநாள் காலை பெயிண்ட் டப்பா வைக்கும் இரும்பு அலமாரியைத் திறந்தேன். கதவின் உள்பக்கம், என் இடுப்புக்கும் கீழே, நாலு கோடு.

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று நாலு தடவை கிழக்குத் தாம்பரம் போனேன். வாசலில் பச்சை வண்டி பளபளவென்று நிற்கிறது. பக்கத்தில் நாற்காலி போட்டு டீச்சர். "வாங்க குப்புராஜ்" என்று சிரிக்கிறார். காபி குடித்துவிட்டுத் திரும்பிவிடுகிறேன். சொல்லாமல் திரும்புகிற ஒவ்வொரு தடவையும், மறுநாள் அலமாரியில் இன்னும் நாலு கோடு.

நேற்று ஐந்தாவது தடவை போனேன். நேற்றும் சொல்லவில்லை.

இன்று அலமாரியில் புதிதாக ஒன்றும் இல்லை. என் வீட்டு வாசற்கதவில் இருக்கிறது, உள்பக்கம்.